குப்பைத் தொட்டியும் வாக்குச் சீட்டும்



சென்ற ஞாயிறு திருப்பலிக்குப் பின் மண்டபத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, முதியவர் ஒருவர் ஒரு கடிதத்தை என்னிடம் நீட்டினார். உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கத் தவறியமைக்காக 55 டொலர் தண்டம் செலுத்துமாறு அதில் எழுதியிருந்தது. “சுவாமி, குப்பை அள்ளுகிற ஆட்களைத் தெரிவுசெய்யவும் ஒரு தேர்தலா? அதற்கு ஒரு தண்டம் வேறா?” என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பிய பின்னும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவர் யாழ்ப்பாண நகரில் பிறந்து வளர்ந்தவர். குப்பை அள்ளும் மன்றமொன்றின் வரலாற்றில் எவ்வளவு கண்ணீர் கலந்திருக்கக்கூடும் என்பதை அறிந்த தலைமுறை அவருடையது. அன்று அவருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் நாம் வாழும் இவ்வூரைப் பார்ப்போம். ஸ்ட்ராத்ஃபீல்ட் நகராட்சி 1885ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் பிரகடனம் செய்யப்பட்டது. அக்காலத்தில் இப்பகுதியின் பெரும்பாகம் ரெட்மயர் என்று வழங்கிற்று. குடியிருப்பாளர் சிலர் ஒன்றுகூடி, எமது தெருக்களையும் வடிகால்களையும் நாமே கவனித்துக்கொள்ள ஒரு மன்றம் வேண்டும் என்று அரசுக்கு விண்ணப்பித்ததன் பயனாகவே அது பிறந்தது. ஜோர்ஜ் ஹார்டி என்பவர் முதல் நகர முதல்வரானார். அயலிலிருந்த ஹோம்புஷ் 1906இல் தனி நகராட்சியாகி, 1947இல் ஸ்ட்ராத்ஃபீல்டுடன் இணைந்தது. என்ஃபீல்டின் ஒரு பகுதி 1949இல் வந்து சேர்ந்தது. இன்று நாம் இடியப்பமும் கறிவேப்பிலையும் வாங்கச் செல்லும் ஹோம்புஷ் கடைத்தெரு இந்த மன்றத்தின் எல்லைக்குள் அமைந்திருப்பது இவ்வாறுதான்.

அம்மன்றம் செய்த வேலைகள் காவியம் பாடுவதற்குரியவையல்ல. மழைநீர் ஓடக் கால்வாய், இருட்டில் நடக்க விளக்கு, சேறு படாமல் செல்ல நடைபாதை, கழிவை அகற்ற ஏற்பாடு, இவற்றுக்கெல்லாம் பணம் திரட்டச் சோலைவரி. இன்று நம் வாசலில் நிற்கும் குப்பைத் தொட்டிகளும், பக்கத்து வீட்டார் மாடி எழுப்ப முனையும்போது நமக்கு வரும் அறிவித்தலும், பிள்ளைகள் விளையாடும் பூங்காவும் அந்த வேலையின் தொடர்ச்சியே. ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வில் கன்பராவின் நாடாளுமன்றத்தைவிட இம்மன்றமே அடிக்கடி குறுக்கிடுகிறது.

ஆயினும் தொடக்கத்தில் இம்மன்றம் எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை. சொத்துக்கு வரி செலுத்துவோரே வாக்களித்தனர். அவர்களிலும் பெரிய சொத்துடையவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாக்குகள் இருந்தன. பெண்கள் நெடுங்காலம் மன்றப் பதவிகளிலிருந்து ஒதுக்கப்பட்டிருந்தனர். இங்கிருந்து சில மைல் தொலைவிலுள்ள நியூடவுனில் 1938ஆம் ஆண்டு லிலியன் ஃபௌலர் நகர முதல்வரானபோது, அவுஸ்திரேலியா முழுவதிலுமே அப்பதவியை ஏற்ற முதற்பெண் அவராகத்தான் இருந்தார். நம்மைப் போன்றோரின் நிலையோ இன்னும் கடினம். 1901ஆம் ஆண்டின் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெள்ளையரல்லாதோருக்கு இந்நாட்டின் கதவையே அடைத்திருந்தது. இன்று நம் கையில் வந்து சேர்ந்திருக்கும் வாக்குச் சீட்டு படிப்படியாக விரிவடைந்த ஓர் உரிமையின் பயன்.

ஊர்க்காரியத்தை ஊரவரே கவனிக்கும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து வாரியங்களை அமைத்த முறையை அவை விரிவாகக் கூறுகின்றன. ஏரியைப் பராமரிக்க ஏரி வாரியம், தோட்டங்களுக்குத் தோட்ட வாரியம், பொன்னின் தரம் பார்க்கப் பொன் வாரியம் என்று பணிகள் பிரிக்கப்பட்டிருந்தன. அண்மைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர இயலாது. வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் அறவே விலக்கப்பட்டனர். இதைப் பெருமையோடு சொல்லும்போது மற்றொன்றையும் சொல்லவேண்டும். அது பிராமணர் குடியிருப்பு. நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆண்களே அங்கு தகுதி பெற்றனர். ஸ்ட்ராத்ஃபீல்டைப் போலவே உத்தரமேரூரும் வாசலைக் குறுகலாகவே திறந்து வைத்திருந்தது. எனினும் ஏரியும் கணக்கும் ஒரு சபையின் மாண்புக்குரிய விடயங்கள் என்பதை அவ்வூரார் உணர்ந்து, அதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் இலங்கையில் 1871ஆம் ஆண்டு கிராமச் சமூகங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்வழி உருவானவற்றையே நம் பாட்டன்மார் கிராமச்சங்கம் என்றனர். அச்சட்டம் பிறந்தபோது இலங்கையின் ஆளுநராக இருந்தவர் சேர் ஹெர்கியூலிஸ் ரொபின்சன். அவரே அடுத்த ஆண்டு சிட்னிக்கு வந்து நியூ சவுத் வேல்சின் ஆளுநரானார். ஒரே பேரரசின் கீழ், ஏறத்தாழ ஒரே காலத்தில், நம் கிராமங்களும் இந்தப் புறநகர்களும் தத்தம் தெருக்களைத் தாமே பராமரிக்கக் கற்றுக்கொண்டிருந்தன.

யாழ்ப்பாணத்தில் 1906இல் உள்ளூர்ச் சபை தோன்றியது; பின்னர் அது நகரசபையாகி, 1949இல் மாநகரசபையாயிற்று. அச்சபை ஆற்றிய பணிகளுள் ஒன்றை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன். 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டிலேயே இலவச நூல்நிலையமொன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது 844 நூல்களுடன் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறைக்குப் பெயர்ந்தது. 1935 முதல் உள்ளூராட்சிச் சபை அதன் பொறுப்பை ஏற்றது. முதலாவது மாநகர முதல்வர் சாம் சபாபதியும், புனித பத்திரிசியார் கல்லூரி அதிபராயிருந்த அருட்தந்தை லோங் அடிகளாரும், இன்னும் பலரும் சேர்ந்து நிதி திரட்டினர். 1954ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1959ஆம் ஆண்டு ஒக்ரோபர் 11ஆம் நாள் முதல்வர் அல்பிரட் துரையப்பா அதைத் திறந்து வைத்தார். நாம் ‘யாழ் நூலகம்’ என்று உணர்ச்சியோடு சொல்லும் அந்த மாளிகை, குப்பை அள்ளி, சோலைவரி வாங்கி, விளக்கேற்றிய அதே மன்றத்தின் நூல்நிலையம்தான்.

அது எரிந்த நேரத்தையும் எண்ணிப் பாருங்கள். 1981ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடைபெறவிருந்தது. அதுவும் ஓர் உள்ளூராட்சித் தேர்தலே. அதற்குச் சில நாள்களுக்கு முன், மே 31ஆம் நாள் இரவு தொடங்கிய வன்செயலில் நூலகம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. புனித பத்திரிசியார் கல்லூரியிலிருந்து அத்தீயைக் கண்ட பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார் அதிர்ச்சி தாங்காமல் உயிர்துறந்தார். நம் பிள்ளைகள் பலர் படிக்கும் ஸ்ட்ராத்ஃபீல்டிலும் அதே புனிதரின் பெயரில் ஒரு கல்லூரி உண்டு. அதைக் கடந்து செல்லும்போதெல்லாம் எனக்கு அந்த அடிகளாரின் நினைவு வரும்.

நூலகத்தைத் திறந்து வைத்த துரையப்பா 1975ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயில் வாசலில் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். 1983க்குப் பின் பதினைந்து ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் உள்ளூராட்சித் தேர்தலே இல்லை. 1998 ஜனவரியில் தேர்தல் நடந்து, சரோஜினி யோகேஸ்வரன் யாழ் மாநகரின் முதற்பெண் முதல்வரானார். நியூடவுனில் லிலியன் ஃபௌலர் அப்பதவியை ஏற்றுச் சரியாக அறுபது ஆண்டுகளின் பின்! அவ்வாண்டு மே 17ஆம் நாள் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த பொன்னுத்துரை சிவபாலன் செப்ரெம்பர் 11ஆம் நாள் கூட்டமொன்றில் இருந்தபோது குண்டுவெடிப்பில் மாண்டார். ஓராண்டில் இரு முதல்வர்கள். இவர்களுடைய அரசியலை ஏற்பவரும் மறுப்பவரும் நம்மிடையே உள்ளனர். அந்த வழக்கை நான் இங்கே திறக்கவில்லை. தெருவும் வடிகாலும் பற்றிப் பேசும் நாற்காலியில் அமர்ந்தமைக்காக எவரும் உயிரை விலையாகக் கொடுக்க நேரக்கூடாது என்பதில் மட்டும் நாம் ஒன்றுபடலாம்.

திருத்தந்தை பதினோராம் பயஸ் 1931ஆம் ஆண்டு வெளியிட்ட ‘குவாத்ராஜெசிமோ அன்னோ’ என்னும் சுற்றுமடலில் ஒரு கோட்பாட்டை வலியுறுத்தினார். சிறிய அமைப்பு தானே செய்யக்கூடிய பணியைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்பதே அது. இங்கும் அது சோதனைக்கு உள்ளானது. 2016இல் ஸ்ட்ராத்ஃபீல்டை பர்வுட், கனடா பே ஆகியவற்றுடன் இணைக்க மாநில அரசு முயன்றது. ஸ்ட்ராத்ஃபீல்ட் மன்றம் நீதிமன்றத்தை நாடிற்று. 2017 ஜூலையில் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. அத்தகராறில் துப்பாக்கி இல்லை. சட்டத்தரணிகளும் கடிதங்களும் கூட்டங்களுமே இருந்தன. இந்த வேறுபாட்டின் பெறுமதியை நம்மைவிட நன்றாக அறிந்தவர் இந்நகரில் வேறு யார்?

ஆகவே, கடிதத்தோடு வந்த ஐயாவுக்கு என் மறுமொழி இதுதான். ஆம், குப்பைக்காகவும் ஒரு தேர்தல் வேண்டும். அடுத்த தேர்தல் 2028 செப்ரெம்பரில் வரும். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. ஹோம்புஷ் வீதியிலுள்ள மன்றத்தின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை; வீட்டிலிருந்தே இணையத்திலும் பார்க்கலாம். ரொசெஸ்டர் தெருவிலுள்ள நூலகம் இந்த மன்றத்தின் நூலகமே. உங்கள் பேரப்பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். தமிழ் நூல்கள் இன்னும் வேண்டுமென்று மரியாதையோடு எழுதிக் கேளுங்கள். நம் ஊரிலும் ஒரு நூலகம் 844 நூல்களோடுதான் தொடங்கியது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அன்றைய தேநீரின்போது சிரித்தவர்களுள் நானும் ஒருவன் என்பதால், இதைக் கண்டனமாக எழுதவில்லை. ஐயா, தண்டப்பணத்தைக் கட்டிவிடுங்கள். அடுத்த முறை வாக்குச்சாவடிக்கு நாம் சேர்ந்தே போவோம்.

இறைவன் உங்கள் இல்லங்களையும் இவ்வூரையும் நாம் பிரிந்து வந்த ஊரையும் ஆசீர்வதிப்பாராக.

அன்புடன்,
உங்கள் பங்குப் பணியாளன்