மருந்து: ஒரு சொல்லும் ஒரு பழியும்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பெண்கள்மேல் சுமத்தப்பட்ட மாந்திரிகப் பழியின் வரலாற்றைச் ‘சூனியம்’ என்ற சொல்லில் தேடுவதைவிட ‘மருந்து’ என்ற சொல்லில் தேடுவதே பொருத்தமாகும். வடமொழியில் வெறுமையைக் குறித்த சூனியம் தமிழில் தீவினை மந்திரத்துக்குப் பெயரானபோதும், அதை வைக்கவும் எடுக்கவும் மந்திரவாதி ஒருவர் வேண்டும்; அவர் பெரும்பாலும் ஆண். மருந்துக்கோ அடுப்படியே போதும். கணவனையோ காதலனையோ தன்வசப்படுத்தச் சோற்றில் கலந்து கொடுப்பதாக நம்பப்பட்ட பொருள் இடுமருந்து எனப்பட்டது. கொடுக்கும் செயல் மருந்தீடு. விருதுநகர் வட்டாரக் கரிசல் ஊர்களில் ‘மருந்து வச்சுட்டா’ என்று பேச்செழும்போது, விசாரணை தொடங்குமுன்னே வினைமுற்றின் பெண்பால் விகுதி குற்றவாளியைச் சுட்டிவிடுகிறது.

பழைய நூல்களில் இச்சொல்லுக்கு இந்தக் கறை முதன்மையாக இல்லை. திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து என்ற தலைப்பில் உணவின் அளவையும் மருத்துவனின் கடமையையும் பேச, விருந்தோம்பல் அதிகாரத்தில் அதே சொல் அமிழ்தத்தைக் குறிக்கிறது. பிற்கால விறலிவிடு தூது நூல்களிலோ, தாசியின் தாய்க்கிழவி செல்வனை மயக்க மருந்திடுவது சுவைக்குரிய கட்டமாயிற்று. நூலில் சுவையானது வீட்டில் கொடுமையானது.

இந்தப் பொருள்விரிவு தமிழுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்கத்தில் ‘ஃபார்மகோன்’ என்பது மருந்து, நஞ்சு, வசியம் என்ற மூன்றையும் குறித்தது. அதனடியாகப் பிறந்த ‘ஃபார்மகிஸ்’ சூனியக்காரியைக் குறித்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஏதென்சில் கொல்லப்பட்ட லெம்னோஸ் தீவுப் பெண் தியோரிஸ்மீது மருந்தும் மந்திரமுமே பழியாயின. சமைப்பவளும் நோயாளியைப் பேணுபவளும் பெண்ணாகவே இருந்த சமூகங்களில், ஊட்டும் கையே ஐயத்துக்கும் உள்ளானது.

தமிழ்நாட்டில் இந்த ஐயத்துக்குச் சான்று காட்டியவர் மருந்தெடுப்பவர். இடுமருந்து வயிற்றில் ஒட்டிக்கிடப்பதாகச் சொல்லி, கசாயம் கொடுத்து வாந்தியெடுக்க வைத்தோ வாயால் உறிஞ்சியோ, உருண்டையொன்றை அவர் வெளியே காட்டுவார். தீராத வயிற்றுவலிக்கும் கணவனின் மனமாற்றத்துக்கும் அந்த உருண்டையே விளக்கமாகிவிட, அங்கே இல்லாத ஒருத்தி தீர்ப்புக்குள்ளாவாள். அவள் கைச்சோறு விலக்கப்படும். தூக்குமரமோ தீயோ இல்லாததால் இத்தண்டனை எந்த ஆவணத்திலும் ஏறவில்லை, ஆனால் ஒரு பெண்ணின் வாழ்வை அழிக்க அது போதுமானதாக இருந்தது.

இதே சொல் சிவகாசியில் வேறொரு பொருளுக்கு, அதாவது வெடிமருந்துக்கு, பெயர். சீன மொழியிலும் வெடிமருந்தின் பெயருக்குத் ‘தீ மருந்து’ என்பதே நேர்ப்பொருள். கரிசல் வீடுகள் பலவற்றில் பேசப்படும் தெலுங்கிலும் ‘மந்து’ என்பது நோய்க்கும் துப்பாக்கிக்கும் பொது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய இவ்வூரில், பட்டாசுக்கென வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் சேர்ந்த கலவை வெறும் ‘மருந்து’ எனவும், வாணவெடிக்குரிய குருணை ‘மணிமருந்து’ எனவும் வழங்குகின்றன. இங்கு மருந்தின் தீங்கு கற்பனையன்று. அதைக் கையாள்வோரில் பெண்கள் பலர். விதிப்படி ஓர் அறையில் 4 பேர் மட்டுமே வேலை செய்யலாம் என்றிருக்க, கூடுதலானோர் உட்கார வைக்கப்பட்ட அறையில் விபத்து நேரும்போது ஊரில் எழும் வாக்கியம் ‘மருந்து வெடிச்சிருச்சு’ என்பது. அதன் வினைமுற்று அஃறிணை; உட்கார வைத்தவருக்கு அவ்வாக்கியத்தில் விகுதி இல்லை.