நெடுஞ்சாலை வரும்போது லயனுக்குக் கடிதம் வருமா?

2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க ஒட்டப்பட்ட அறிவித்தல்களை இந்தத் தளத்தின் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பயன்பட்ட 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டம்தான் நெடுஞ்சாலைகளுக்கும் பயன்படுகிறது. ஆனால் வலிகாமத்து மக்களின் கையில் காணி உறுதி இருந்தது. நீதிமன்றம் போனார்கள். சப்ரகமுவத் தோட்டங்களில் அது இல்லை.

கஹதுடுவவிலிருந்து இங்கிரிய, இரத்தினபுரி வழியாகப் பெல்மதுளை வரை சுமார் 74 கிலோமீற்றருக்குத் திட்டமிடப்பட்டது ருவன்புர அதிவேகப் பாதை. இத்தகைய பாதைகள் இரப்பர், தேயிலைக் காணிகளைத் தொடாமல் இரத்தினபுரியை அடைவது கடினம். 1977, 1981 வன்செயல்களின்போது அந்த மாவட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பங்கள் பலவற்றின் உறவினர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தல் மும்மொழியிலும் அந்தப் பகுதியில் ஒட்டப்பட வேண்டும். 4ஆம் பிரிவு அறிவித்தல் காணி உரிமையாளருக்குப் போகும். எழுத்தில் ஆட்சேபிக்கக் குறைந்தது 14 நாட்கள். இங்கேதான் சிக்கல். தோட்டக் காணியில் பெரும்பகுதி அரசுக்கும் அரச நிறுவனங்களுக்கும் சொந்தம், 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளிடம். மூன்று தலைமுறை வாழ்ந்த லயன் அறைக்கு உரிமையாளர் என்ற முறையில் எந்தக் கடிதமும் வராது.

ஆகவே சுவீகரிப்புக் கட்டம் வரை காத்திருப்பது வீண் என்பது என் கணிப்பு. பாதைக்கோடு முடிவாகும் முன்பே பேச வேண்டும். 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலை அமைப்பும், 100 குடும்பங்களுக்கு மேல் இடம்பெயர்க்கும் திட்டமும் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மதிப்பீட்டுக்கு உட்பட்டவை. சுற்றாடல் தாக்க அறிக்கை வெளியானதும் பொதுமக்கள் கருத்துக்கு 30 நாட்கள் உண்டு. கருத்துச் சொல்ல உறுதி தேவையில்லை. லயனில் இருப்பவரும் எழுதலாம். தேவாலயம், கோவில், குடிநீர் ஊற்று, பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கும் வழி ஆகியவை எந்த வரைபடத்திலும் இருக்காது, எழுதினால்தான் பதிவாகும்.

தெற்கு அதிவேகப் பாதை வழக்கு இதற்கு நல்ல ஆதாரம். ஆய்வு செய்யப்பட்ட கோட்டிலிருந்து பாதை விலகி, புதிதாகப் பாதிக்கப்பட்டவர்களைக் கேட்காமலே முடிவானது. மண்டி எதிர் மத்திய சுற்றாடல் அதிகார சபை வழக்கில் 2004 ஜனவரியில் உயர் நீதிமன்றம், அவர்களின் கருத்தைக் கேட்டிருக்க வேண்டும் என்றது. பாதையை நிறுத்தவில்லை. காணி நட்டஈட்டுக்கு மேலதிகமாக இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. மனுதாரர்கள் காணிச் சொந்தக்காரர்கள் என்பதை மறக்கக் கூடாது. உறுதி இல்லாதவர்களையும் நியாயமாக நடத்த வேண்டும் என்கிறது 2001ஆம் ஆண்டின் தேசிய மீள்குடியேற்றக் கொள்கை. அது கொள்கைதான், சட்டம் அல்ல. ஆனாலும் கடிதத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டியது.

பாதைக்கோட்டின் வரைபடத்தை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் அரச அலுவலரிடம் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. தோட்ட அலுவலகம் வழியாக அனுப்ப வேண்டாம். பிரதேச செயலாளருக்கு நேரடியாகப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.