ஏரியும் கழனியும்: சென்னைப் புறநகரில் நன்செய் மறைந்த வரலாறு

தொண்டைமண்டலம் பேராறுகளினும் ஏரிகளையே மிகுதியாக நம்பி உழுத நாடு. மழைநீரை ஏரியில் தேக்கி, மதகு வழியே கழனிக்குப் பாய்ச்சி, மிகுநீரைக் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு விடுதல் அந்நாட்டு முறை. ஏரி வாரியம் பற்றி உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) கூறுதல் அறிஞர் அறிந்ததே. இம்மண்டலத்தில் 1639-இல் தோன்றிய சென்னை, தன்னைச் சூழ்ந்த கழனிகளை விழுங்கியவாற்றை ஈண்டு ஆராய்வோம்.

நகரம் முதற்கண் நாடியது ஊர்களின் வருவாயையே. 1693-இல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்ப்பேட்டை ஆகியனவும், 1708-இல் நுங்கம்பாக்கம், திருவொற்றியூர், வியாசர்பாடி முதலிய ஐந்தூர்களும் கும்பினியார் வசமாயின. ஆட்சி மாறினும் உழவு உடனே ஒழிந்திலது.

பெருமாற்றம் 1920-களில் நேர்ந்தது. 1920-ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தையடுத்து, மாம்பலம் பகுதியில் கிடந்த நெடிய ஏரி வடிக்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. 1931-இல் கடற்கரை முதல் தாம்பரம் வரை ஓடத்தொடங்கிய மின்சார இரயில், தொலைவிலிருந்த வயல்களையும் மனைகளாக விலைபேசச் செய்தது.

ஏரி தூர்ந்தமையாற் கழனி அழிந்தது என்பர் பலர். அஃது ஒருபுடை உண்மையே. கழனி தனியார் பட்டா நிலம். ஏரியோ அரசின் புறம்போக்கு. பட்டா நிலம் துண்டுதுண்டாக விற்கப்பட்டு ஆயக்கட்டு மறைந்தவிடத்து, மதகைப் பேணுவார் இலராயினர். பின்னர் ஏரி ‘பயனற்ற நிலம்’ எனப்பட்டது. வேளச்சேரி போன்ற இடங்களில் ஏரிப்பரப்பும் குடியிருப்புகளாற் சுருங்கியது. எனவே, நகரம் அழித்தது நிலத்தை மட்டுமன்று, ஏரிக்கும் கழனிக்கும் இருந்த தொடர்பையே எனத் துணிகிறோம். அத்தொடர்பு அற்றதன் விளைவை 2015 டிசம்பர் வெள்ளத்தில் நகரமக்கள் கண்டனர். நீர் தன் பழைய இடத்தை மறக்கவில்லை.

மறைந்த ஏரிக்குச் சான்றுகள் உள. மேற்கு மாம்பலத்து லேக் வியூ சாலை, நுங்கம்பாக்கத்து டாங்க் பண்டு சாலை என்பன அவற்றுட் சில. 1976-இல் திறக்கப்பெற்ற வள்ளுவர் கோட்டமும் பழைய ஏரிப்படுகைமேல் நிற்பதே. உழுத வயல்களுக்கோ இத்தகைய தெருப்பெயர்களும் அரிய. அவற்றின் பெயர்களைப் பழைய நிலவரிப் பதிவேடுகளிலும் கிரயப் பத்திரங்களிலுமே தேடவேண்டும். கல்வெட்டுகளைப் படியெடுத்த ஆர்வத்தோடு அவ்வயற்பெயர்களையும் தொகுத்தல் நம் கடன். மூத்த உழவர் நினைவிலுள்ளன அவர்களோடு மறையுமுன் இப்பணி தொடங்கப்பெறல் வேண்டும்.