காட்டுத் தக்காளியின் விதைச் செல்வம்

இன்று உலகெங்கும் பயிராகும் தக்காளி, எத்தனை நிறங்களிலும் வடிவங்களிலும் விளைந்தாலும், மரபியல் பன்மையில், அதாவது ஓர் இனத்துச் செடிகளுக்கிடையே மரபணு அளவில் நிலவும் வேறுபாட்டில், மிக வறிய பயிராகும். அதன் காட்டு உறவினங்கள் ஈக்குவடோரிலிருந்து பெரு வழியாகச் சிலியின் வடபகுதி வரை கடலோரப் பாலைகளிலும் ஆண்டிஸ் மலைச் சரிவுகளிலும் வளர்கின்றன. பயிர்த்தக்காளியோ வெகு தொலைவில் மெக்சிகோவில் உருப்பெற்று, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. ஒவ்வொரு பெயர்ச்சியிலும் சிறிதளவு விதையே கடந்து சென்றது. தன் பூவின் மகரந்தத்தாலேயே காய்க்கும் பயிராதலால், புதிய கலப்பின் மூலம் அந்த இழப்பு ஈடாகவும் வழியிருக்கவில்லை.

இந்த வறுமை நோய்களின் வழியே வெளிப்பட்டது. வேரிலிருந்து ஏறிச் செடியையே சாய்க்கும் வாடல் நோய்க்கு அமெரிக்க ஆய்வாளர்கள் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேடிய எதிர்ப்புத் திறன், சுண்டைக்காய் அளவேயான சிவந்த பழம் தரும் ஒரு காட்டினத்தில் கிடைத்தது. வேர்முடிச்சு நூற்புழுவுக்கான எதிர்ப்பு மற்றொரு காட்டினத்தில் இருந்தது. ஆனால் அவ்வினத்தைப் பயிருடன் கலந்தால் விதை முற்றுமுன் கரு மடிந்துவிடும் என்பதால், பால் ஸ்மித் 1944இல் அந்த இளங்கருவைப் பிரித்தெடுத்துச் சத்துக் கூழில் வளர்த்தே கலப்புச் செடியைப் பெற்றார்.

இவ்வாறு ஒரு நோய்க்கு ஒரு செடி என்று தேடிக்கொண்டிருந்த துறையை முழுமையான சேகரிப்பாக மாற்றியவர் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ரிக் (1915–2002). 1948 முதல் ஆண்டிஸ் நாடுகளுக்குப் பலமுறை சென்று அவர் திரட்டிய விதைகள், கேட்ட ஆய்வாளர்க்கெல்லாம் தடையின்றி வழங்கப்பட்டன. சேகரிப்புக்கு இணையாக இந்தப் பெருந்தன்மையும் துறையை வளர்த்தது. காலாபகோஸ் தீவுகளில் கிடைத்த தக்காளியின் விதைகள் முதலில் முளைக்க மறுத்தன. அவற்றைத் தீவின் பெரும் நில ஆமைகளுக்கு ஊட்டி, வாரக்கணக்கில் குடலில் கிடந்து சாணத்தோடு வெளிவந்தவற்றை விதைத்தபோது அவை நன்கு முளைத்தன என்பதை ரிக்கும் ராபர்ட் போமனும் 1961இல் வெளியிட்டனர். தடித்த விதையுறையை ஆமையின் செரிமானம் இளக்கியது. இன்று அதே வேலையை நீர்த்த வெளுப்புக் கரைசல் செய்கிறது. அத்தீவுத் தக்காளியின் பழக்காம்பில் இடைக்கணு கிடையாது. சாதாரணச் செடியில் பழம் கணுவில் முறிந்து காம்புத் துண்டோடு வந்து, குவியலில் மற்றப் பழங்களைக் குத்திக் கிழிக்கும். கணுவற்ற செடியிலோ காம்பு செடியிலேயே தங்கிவிடும். இயந்திர அறுவடைக்கான ரகங்களுக்கு இப்பண்பு பெரிதும் பயன்பட்டது.

எனினும், கண்ணுக்குத் தெரியும் பண்பைக் கொண்டு காட்டுச் செடியை மதிப்பிடுவது போதாது என்பதை ஸ்டீவன் டாங்க்ஸ்லியும் சூசன் மெக்கௌச்சும் 1997இல் வலியுறுத்தினர். பழுத்தபின்னும் பச்சையாகவே இருக்கும் மயிரடர்ந்த ஒரு காட்டினத்தின் மரபணுத் துண்டு, பயிர்த்தக்காளியின் சிவப்பை மேலும் கூட்டியது. பச்சைப் பழத்தைப் பார்த்து எவரும் இதை ஊகித்திருக்க முடியாது. அதே இனத்திலிருந்துதான், வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நோய்க்கு எதிர்ப்புள்ள தக்காளியை ஹரியானாவின் ஹிசாரில் கல்லுவும் பானர்ஜியும் உருவாக்கினர். 1990இல் அவர்கள் அறிவித்த எச்-24 வரிசையின் எதிர்ப்பு மரபணு பின்னர் பல நாடுகளின் ரகங்களில் இடம்பெற்றது.

உயிரியல் பன்மை உடன்படிக்கை 1993இல் நடைமுறைக்கு வந்தபின், ஒரு நாட்டின் காட்டு விதையை எடுக்க அந்நாட்டின் இசைவு தேவையாயிற்று. பெருவும் ஈக்குவடோரும் தந்ததன் அளவை நோக்கினால் இது காலந்தாழ்ந்து வந்த நியாயமே. ஆனால் பெருவின் கடலோரப் பள்ளத்தாக்குகளில் வயல்கள் விரிந்ததால் காட்டுத் தக்காளியின் இடம் குறுகியது. காலாபகோஸில் முன்பு பதிவான சில செடிக்கூட்டங்கள், 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே இடங்களுக்குத் திரும்பிச் சென்ற ஆய்வாளர்களுக்கு அகப்படவில்லை.