ஷெஃபீல்ட் தூசி

கத்தி செய்வதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். உங்களுக்கும் அந்த ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் வாங்க வேண்டிய பெரிய சாமான் – பெல்ட் கிரைண்டர். (மாவு அரைக்கிற கிரைண்டர் இல்லை சார்!) உப்புத்தாள் பார்த்திருப்பீர்கள். அதையே இரண்டு அங்குல அகலத்தில், 72 அங்குல நீளத்தில், முனைகளை ஒட்டி ஒரு வாராக்கி, மோட்டார் வைத்து அசுர வேகத்தில் ஓடவிட்டால் அதுதான் பெல்ட் கிரைண்டர். எஃகுப் பட்டையை அதன்மேல் அழுத்தினால், பொறி பறக்கப் பறக்க, கத்தி உருவாகும்.

வாங்கப் போகிறவர் என்ன கேட்பார்? மோட்டார் எத்தனை குதிரைசக்தி? பெல்ட் என்ன வேகம்? விலை குறையுமா? ‘தேய்கிற தூசி எங்கே போகும்?’ என்ற கேள்வி கடைசியில்தான் வரும், வந்தால்! அந்தக் கேள்விக்குத் தன் நுரையீரலால் பதில் சொன்ன ஊர் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. ஷெஃபீல்ட்.

14-ம் நூற்றாண்டிலேயே கவிஞர் சாஸர் தன் கதையில் வரும் ஒரு ஆசாமிக்கு ஷெஃபீல்ட் கத்தியைத்தான் கொடுத்து அனுப்பினார். அப்போதே அவ்வளவு பெயர்! மலையிலிருந்து இறங்கிவரும் ஆறுகள், கரையோரம் நீர்ச்சக்கரம், சக்கரத்தோடு தோல் வாரால் இணைத்த சாணைக்கல். குதிரைமேல் உட்காருவதுபோல ஒரு மரத் திண்டின்மேல் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து, கல்லின் மேல் குனிந்துகொண்டு, நாள் முழுக்கத் தீட்டுவார்கள். போர்ட்டர் ஆற்றங்கரையில் ‘ஷெப்பர்ட் வீல்’ என்ற பட்டறை இன்றும் அப்படியே மியூசியமாக இருக்கிறது.

சாணையில் இரண்டு ரகம். கல் தண்ணீரில் நனைந்தபடி சுற்றினால் ஈரச் சாணை. சாப்பாட்டு மேஜைக் கத்திகளை அப்படித்தான் தீட்டினார்கள். முள்கரண்டிக்கு உலர் சாணை. அங்கேதான் எமன் உட்கார்ந்திருந்தான். சாணைக்கல் என்பது மணற்கல்... அதாவது குவார்ட்ஸ். அதன் நுண்ணிய துகள் மூச்சோடு உள்ளே போனால் திரும்பி வராது. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பேறி இறுகிவிடும். இன்றைக்கு அதன் பெயர் சிலிகோஸிஸ். ஷெஃபீல்டில் அதற்கு ‘கிரைண்டர்ஸ் ஆஸ்துமா’ என்று பெயர்.

1830-ல் அந்த ஊர் டாக்டர் ஆர்னால்ட் நைட் இதைப் பற்றி எழுதினார். ஊரில் சாணை பிடிப்பவர்கள் சுமார் 2,500 பேர். அதில் முள்கரண்டி தீட்டுபவர்கள் 150 பேர் (அதிலும் 70 பேர் பையன்கள்!). இவர்கள் 28-லிருந்து 32 வயதுக்குள் செத்துப்போகிறார்கள். ஈரமும் உலர்வுமாக மாற்றி மாற்றி சவரக்கத்தி தீட்டுபவர்களுக்கு 40-லிருந்து 45. ஈரச் சாணைக்காரர்கள் 40-லிருந்து 50 வரை. தண்ணீர் ஒன்றுதான் வித்தியாசம்!

முன்பெல்லாம் கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைந்தால் சக்கரம் நின்றுவிடும். வேலை இல்லை, கூலி இல்லை, ஆனால் நுரையீரலுக்கு ஓய்வு. நீராவி இன்ஜின் வந்ததும் அந்த லீவும் போச்சு. அடைசலான அறைகளில் வருஷம் முழுக்க தூசி. டாக்டர் நைட் இன்னொரு வேடிக்கையையும் கவனித்தார். சாணைக்காரர்களிலேயே மொடாக்குடியர்கள்தான் அதிக நாள் வாழ்ந்தார்கள். காரணம், அவர்கள்தான் அடிக்கடி வேலைக்கு மட்டம் போட்டவர்கள்!

மருந்து இல்லையா என்றால், இருந்தது. 1820-களின் தொடக்கத்திலேயே ஏப்ரஹாம் என்பவர் இரும்புத் துகளை இழுக்கும் காந்தக் கவசம் ஒன்றைச் செய்து காட்டினார். காந்தம் கல்தூசியை இழுக்காது என்பது வேறு விஷயம். ஆனால் பிறகு வந்த ஃபேன், தூசியைக் கல்லருகிலேயே உறிஞ்சி குழாய் வழியாக வெளியே தள்ளியது. அருமையான ஏற்பாடு. பலர் அதை வேண்டாம் என்றார்கள். சில இடங்களில் உடைத்தும் போட்டார்கள்.

முட்டாள்கள் என்று சட்டென்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர்கள் போட்ட கணக்கு இது: சீக்கிரம் சாவதால்தான் இந்த வேலைக்கு ஆள் குறைவு. ஆள் குறைவாக இருப்பதால்தான் கூலி அதிகம். எல்லோரும் 60 வயது வரை இருந்தால் ஆள் பெருகும், கூலி விழும், பெண்டாட்டி பிள்ளைகள் பட்டினி. அற்பாயுசுதான் அவர்கள் கையில் இருந்த ஒரே மூலதனம்! அந்தக் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. அப்படியொரு கணக்கைப் போட வைத்த சந்தையின் மேல்தான் கோபம் வருகிறது.

கூலியைக் காக்க அவர்கள் வேறு வழியும் வைத்திருந்தார்கள். சங்கத்துக்குச் சந்தா கட்டாதவனின் பட்டறையில் ராத்திரியோடு ராத்திரியாக சாணையைச் சுற்றும் தோல் வார் காணாமல் போகும். ‘எலி தூக்கிக்கொண்டு போய்விட்டது’ என்பார்கள். பாக்கியைக் கட்டினால் எலி திருப்பித் தந்துவிடும்! எலி சில சமயம் துப்பாக்கியும் எடுத்தது. 1859-ல் ஜேம்ஸ் லின்லி என்பவரைச் சுட, பணம் கொடுத்தது தான்தான் என்று ரம்பச் சாணைக்காரர் சங்கத்தின் செயலாளர் வில்லியம் பிராட்ஹெட், 1867-ல் விசாரணை கமிஷன் முன்னால் ஒப்புக்கொண்டார். நாடே அதிர்ந்தது. அதே 1867-ல் சத்தமில்லாமல் இன்னொன்றும் நடந்தது. தூசி பறக்கும் சாணைப் பட்டறைகளில் ஃபேன் வைக்கச் சொல்லும் அதிகாரத்தை இன்ஸ்பெக்டர்களுக்குச் சட்டம் கொடுத்தது.

மணற்கல்லுக்கு முடிவுகட்டிய வேலையை அமெரிக்காவில் எட்வர்ட் ஆச்சிஸன் ஆரம்பித்தார். 1891-ல் அவர் உலையில் உருவாக்கிய கார்போரண்டம், அப்புறம் வந்த செயற்கை அலுமினியம் ஆக்ஸைடு – இந்தத் துகள்களால் செய்த சக்கரங்கள் மெல்ல மணற்கல்லின் இடத்தைப் பிடித்தன. அதே துகள்கள்தான் இன்று உங்கள் பெல்ட்டின் முதுகிலும் ஒட்டியிருக்கின்றன. அன்று வார் சாணையைச் சுற்றியது. இன்று வாரே சாணை!

ஆக, மெஷினுக்கு வருவோம். ஒன்றரை முதல் இரண்டு குதிரைசக்தி மோட்டார் தாராளம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதிக்குக் காசைக் கொட்டலாம். பதம் போட்ட எஃகை அதிவேகத்தில் தேய்த்தால் சூடேறி நீலம் பாய்ந்து பதம் போய்விடும். பெல்ட்டுக்குப் பின்னால் தட்டைத் தகடு இருந்தால் கத்தியின் பக்கம் தட்டையாக வரும், ரப்பர் சக்கரம் என்றால் குழிவாக வரும். இரண்டையும் மாற்றிப் பொருத்த முடிகிறதா என்று பாருங்கள்.

குவார்ட்ஸ் போய்விட்டதே, இனி பயமில்லை என்று நினைக்க வேண்டாம். எஃகுத் தூசியோடு, கைப்பிடிக்கு வைக்கும் மரம், சிப்பி, கண்ணாடி இழை எல்லாமே தூசிதான். தூசியை உறிஞ்சும் வசதியைப் பல மெஷின்களுக்குத் தனியாகத்தான் வாங்க வேண்டும். மிச்சமாகிற பணம் என்று அதை விட்டுவிடாதீர்கள். முகத்தில் காற்று புகாமல் உட்காரும் வடிகட்டி மாஸ்க் வேண்டும், கர்ச்சீப் போதாது. வீட்டு வாக்குவம் கிளீனரை மாட்டாதீர்கள். மரத்தூள் நிறைந்த பையில் ஒரு பொறி விழுந்தால் தீப்பிடிக்கும். பெல்ட்டுக்குக் கீழே, பொறி விழுகிற இடத்தில், ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.