செங்காங்கின் இரண்டு ஆறுகள்

குளித்த நீரும் கழிவறை நீரும் வீட்டைவிட்டு எங்கே போகின்றன என்று நாம் கேட்பதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செங்காங் வட்டாரத்தில் வாழ்ந்தவர்களும் கேட்கவில்லை. அவர்களுக்கு அது கண்ணுக்கும் மூக்கிற்கும் தெரிந்த செய்தி.

மேற்கே பொங்கோல் ஆறு, கிழக்கே சிராங்கூன் ஆறு. செங்காங்கின் பெரும்பகுதி இவ்விரண்டிற்கும் நடுவே அமைந்தது. அடுக்குமாடி வீடுகள் எழுவதற்கு முன்பு அங்கே ரப்பர்த் தோட்டங்களும் காய்கறிப் பண்ணைகளும் இருந்தன; கங்கார் என்னும் மீனவர் கம்பமும் இருந்தது.

அக்காலக் கம்பத்து வீடுகள் பலவற்றில் வாளிக் கழிவறையே இருந்தது. கழிவறையின் பின்புறத்துச் சிறு கதவைத் திறந்து, தொழிலாளி நிறைந்த வாளியை எடுத்துக்கொண்டு வெற்று வாளியை வைத்துச் செல்வார். வாளிகள் லாரியில் ஏறிக் கழிவு நிலையத்திற்குப் போகும். அத்தகைய நிலையங்களுள் கடைசியானது, சிராங்கூன் ஆற்றின் எதிர்க்கரையில் லோரோங் ஹாலுசில் இயங்கியது. 1987-ஆம் ஆண்டில் அது மூடப்பட்டதும் சிங்கப்பூரில் வாளி முறை முடிவுற்றது.

மனிதக் கழிவைவிடப் பெரிய சிக்கல் பன்றிப் பண்ணைக் கழிவு. ஒரு பன்றியின் கழிவு ஒரு மனிதனின் கழிவைப்போலப் பல மடங்கு நீரைக் கெடுக்கும். 1970-களில் கிராஞ்சியில் நீர்த்தேக்கம் அமைந்தபோது, அதன் நீர்ப்பிடிப்பு நிலத்திலிருந்த பண்ணைகள் பொங்கோலுக்கு மாற்றப்பட்டன. கிராஞ்சி ஆறு குடிநீருக்கு, பொங்கோல் பண்ணைக்கு என்பது அன்றைய கணக்கு.

பண்ணைக் கழிவைத் தூய்மைப்படுத்தும் முயற்சியும் நடந்தது. பொங்கோலில் இதற்கென ஒரு நிலையம் அமைந்தது. திடக் கழிவைப் பிரிப்பார்கள். எஞ்சிய நீரில் காற்றைச் செலுத்துவார்கள். காற்றில் செழிக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று தீர்க்கும். முறை பயன் தந்தது. ஆனால் செலவு மிகுதி, நிலமோ குறைவு. 1984-ஆம் ஆண்டில் பன்றி வளர்ப்பையே படிப்படியாகக் கைவிட அரசாங்கம் முடிவு செய்தது. அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் பண்ணைகள் மறைந்தன. ஒருமுறை இடம் மாறி வந்த குடும்பங்கள் இம்முறை தொழிலையே விட நேர்ந்தது. ஆறு தெளிந்ததற்கு அவர்கள் கொடுத்த விலை இது.

1990-களின் பிற்பகுதியில் செங்காங்கில் புதுநகர் எழுந்தது. இன்று அங்குள்ள வீட்டுக் கழிவுநீர் நிலத்தடிக் குழாய்கள் வழியே சாங்கிக்குச் செல்கிறது. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் நீளமுள்ள ஆழ்சுரங்கச் சாக்கடை 2008-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அது சரிவாக அமைந்திருப்பதால் நீர் தானே ஓடுகிறது. சாங்கி நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்ட நீரின் ஒரு பகுதி மீண்டும் வடிகட்டப்பட்டுப் புதுநீராகிறது.

அந்த இரு ஆறுகள் என்னவாயின? 2011-ஆம் ஆண்டில் இரண்டும் அணையிடப்பட்டுப் பொங்கோல், சிராங்கூன் நீர்த்தேக்கங்களாயின. பண்ணைக்கென்று ஒதுக்கிய ஆறே குடிநீருக்கு வேண்டியதாயிற்று! லோரோங் ஹாலுசில் 1999 வரை குப்பை கொட்டப்பட்டது. அங்கு கசியும் அழுக்கு நீர் நீர்த்தேக்கத்தில் கலவாதபடி, நாணல் வளரும் சதுப்பு நிலத்தில் அது தூய்மை செய்யப்படுகிறது. செங்காங்கின் மிதக்கும் சதுப்பு நிலத்திலும் செடிகளின் வேர்கள் இதே தொண்டைச் செய்கின்றன.

ஒதுக்குப்புறம் என்று நாம் நினைக்கும் இடத்திலும் நாளை ஒருவர் நீர் அருந்துவார். செங்காங்கின் வரலாறு நமக்குச் சொல்வது இதுதான். அந்த நீரைப் பருகும்போது, வாளி சுமந்தவர்களையும் பண்ணையை விட்டுச் சென்றவர்களையும் நாம் நினைத்துக்கொள்வது தகும்.