புகைபோக்கியும் நெடுஞ்சாலையும்: பிரிட்டனின் காலநிலை மறியல்கள்

பிரிட்டனில் காலநிலை மாற்றத்தை முன்னிறுத்தி நடந்த மறியல்களின் வரலாறு, 2018 இல் எக்ஸ்டிங்ஷன் ரெபெல்லியன் இயக்கம் தோன்றியதிலிருந்தே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஆனால் இத்தகைய போராட்டம் எந்நிலையில் பயன் தரும் என்பதற்கு, அதற்குப் பதினோராண்டு முந்தைய கிங்ஸ்நார்த் நிகழ்வே தெளிவான சான்று.

கென்ட் பகுதியில் மெட்வே முகத்துவாரத்தை ஒட்டியிருந்த கிங்ஸ்நார்த் அனல்மின் நிலையத்தில் புதிய நிலக்கரி அலகுகளை நிறுவ, அதை நடத்திவந்த இ.ஆன் நிறுவனம் அனுமதி கோரியிருந்தது. 2007 அக்டோபரில் கிரீன்பீஸ் அமைப்பினர் அங்கிருந்த 200 மீட்டர் உயரப் புகைபோக்கியில் ஏறி, அன்றைய பிரதமர் கார்டன் பிரவுனை விளித்து, திட்டத்தைக் குப்பையில் போடுமாறு எழுத முற்பட்டனர். நீதிமன்றத் தடையாணை குறுக்கிட்டதால் 'கார்டன்' என்ற பெயர் மட்டுமே எழுதி முடிந்தது. அந்த ஒரு சொல்லை அழிக்க ஏறத்தாழ 30,000 பவுண்டு செலவானதாகக் கூறி ஆறு பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. வேறொரு சொத்தைக் காக்கும் உடனடித் தேவை இருப்பதாக நம்பிச் சேதம் விளைவித்தவர் குற்றவாளி ஆகார் என்னும் 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தின் விலக்கை அவர்கள் துணைக்கு அழைத்தனர். நாசாவின் காலநிலை அறிஞர் ஜேம்ஸ் ஹேன்சன் நேரில் வந்து சாட்சியம் அளித்தார். 2008 செப்டம்பரில், சாமானியக் குடிமக்களைக் கொண்ட ஜூரி அறுவரையும் விடுவித்தது. மறு ஆண்டு ஏப்ரலில், கரியமில வாயுவைப் பிடித்துச் சேமிக்கும் ஏற்பாடின்றிப் புதிய நிலக்கரி நிலையம் கூடாது என அரசு அறிவித்தது. அக்டோபரில் நிறுவனம் திட்டத்தைத் தள்ளிவைத்து, பின்னர் கைவிட்டது. பொருளாதார மந்தத்தால் மின்தேவை குறைந்ததே காரணம் என்று நிறுவனம் கூறியதைச் சாக்குப்போக்கு என ஒதுக்க இயலாது. போராட்டம் ஈட்டித் தந்தது காலதாமதம், எஞ்சியதை அந்த இடைவெளியில் மாறிய சந்தையும் கொள்கையும் செய்தன.

எக்ஸ்டிங்ஷன் ரெபெல்லியன் எதிர்கொண்டது ஒரு திட்டத்தையன்று, ஒரு முழுப் பொருளாதாரத்தை. 2019 ஏப்ரலில் லண்டனின் ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ் சந்திப்பின் நடுவே இளஞ்சிவப்புப் படகை நிறுத்தி, வாட்டர்லூ பாலத்தை மறித்து நடந்த போராட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். மே 1 அன்று நாடாளுமன்றக் கீழவை காலநிலை நெருக்கடியை அறிவித்தது. ஜூனில், 2050 க்குள் நிகர உமிழ்வைச் சுழியமாக்கும் இலக்கு சட்டமாயிற்று. மறியலே இச்சட்டத்தை ஈன்றது போல் தோன்றினாலும், அதற்கான ஆலோசனையை அரசு தன் காலநிலைக் குழுவிடம் கேட்டது 2018 அக்டோபரில், இயக்கத்தின் முதல் பாலமறியலுக்கு முன்பே. 2019 அக்டோபரில் கேனிங் டவுன் நிலையத்தில், மின்சாரத்தில் ஓடும் ரயிலின் கூரைமேல் ஏறிய இயக்கத்தினரை வேலைக்குச் செல்லும் பயணிகளே கீழே இழுத்துப் போட்டனர். எண்ணெய் எரிக்காத வாகனத்தை மறித்ததன் பொருத்தமின்மையை விளக்க அவர்களுக்கு எந்த ஆய்வும் தேவைப்படவில்லை.

எனினும் மக்களின் வெறுப்பும் போராட்டத்தின் தோல்வியும் ஒன்றல்ல. தீவிரப் பிரிவு ஒன்று இருப்பதாலேயே மிதவாதிகள் ஏற்கத்தக்கவராகத் தோன்றும் நிலையைச் சமூகவியலாளர்கள் 'தீவிர அணியின் விளைவு' என்பர். 2022 நவம்பரில் ஜஸ்ட் ஸ்டாப் ஆயில் இயக்கத்தினர் லண்டனைச் சுற்றிச் செல்லும் எம்25 நெடுஞ்சாலையை முடக்கியபின் நடந்த ஆய்வொன்று, அப்போராட்டத்தை அறிந்தோரிடையே ஃபிரண்ட்ஸ் ஆஃப் தி எர்த் என்னும் மிதவாத அமைப்புக்கு ஆதரவு கூடியதைக் கண்டது. அம்மறியலைத் திட்டமிட்ட ஐவருக்கு 2024 ஜூலையில் நான்கு முதல் ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. புதிய எண்ணெய், எரிவாயு உரிமங்களை நிறுத்தும் தன் கோரிக்கை அரசின் கொள்கையாகிவிட்டதாகக் கூறி, 2025 மார்ச்சில் இயக்கம் மறியலைக் கைவிட்டது. இத்தகைய இயக்கங்களை ஒடுக்க இயற்றப்பட்ட 2023 ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டமோ, நடைமுறைக்கு வந்த சில நாள்களிலேயே, மன்னர் சார்லஸின் முடிசூட்டு விழாவன்று, காலநிலையோடு தொடர்பே இல்லாத முடியாட்சி எதிர்ப்பாளர்களைக் கைது செய்யப் பயன்பட்டது.